கத்தியை எடுக்கும் கைக்கும் ஓய்வு வேண்டும்: ஓர் அறுவை சிகிச்சை நிபுணரின் கடிதத்துக்கு மனநல மருத்துவரின் பதில்

தென் மாவட்டம் ஒன்றின் அரசுத் தலைமை மருத்துவமனையில் பொது அறுவை சிகிச்சை நிபுணராக இருக்கும் 43 வயது மருத்துவர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அரசுப் பணியில் அவருக்கு 16 ஆண்டுகள் முடிந்திருக்கின்றன. இரண்டு நிபுணர்கள் இருக்க வேண்டிய பிரிவில் ஒன்றரை ஆண்டாக அவர் ஒருவரே இருக்கிறார். மற்றோர் இடம் காலியாகக் கிடப்பதால் அவசர அழைப்புகள் எல்லா இரவுகளிலும் அவருக்கே வருகின்றன. காலை ஐந்தரைக்கு எழுந்து, ஏழரைக்கு வார்டு சுற்றி, பிற்பகல் வரை புறநோயாளிகளையும் அறுவை அரங்கையும் பார்த்துவிட்டு, மாலையில் தாம் கடன் வாங்கிப் பங்கு சேர்ந்த தனியார் மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே மயக்க மருத்துவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார் என்பதால், குடலிறக்கம், பித்தப்பைக் கல் போன்ற திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் இரவு ஒன்பதுக்குத் தொடங்கிப் பதினொன்று வரை நீள்கின்றன. ஏழு மாதங்களுக்கு முன், அல்சர் ஓட்டை விழுந்து மூன்றாம் நாளில், ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிய நிலையில் கொண்டுவரப்பட்ட 54 வயது விவசாயத் தொழிலாளி ஒருவருக்கு நள்ளிரவில் அறுவை சிகிச்சை செய்தார். நான்காம் நாள் தையல் கசிந்து அவர் இறந்துபோனார். உறவினர்கள் வார்டிலேயே இவருடைய சட்டையைப் பிடித்துவிட்டார்கள். மருத்துவமனையின் இறப்புத் தணிக்கையில் குறை எதுவும் சொல்லப்படவில்லை.

அதன் பிறகு உறக்கம் வருவதில்லை. தாமாகவே அல்பிரசோலம் என்னும் பதற்றம் தணிக்கும் மாத்திரையை 0.5 மில்லிகிராமில் தொடங்கியவர், இப்போது தினமும் 1 மில்லிகிராம் எடுக்கிறார். காலையில் மருத்துவமனை வளாகத்தில் காரை நிறுத்திவிட்டு, இறங்க மனம் வராமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். நோயாளிகள் அவருக்கு 'ஏழாம் படுக்கை ஹெர்னியா', 'பன்னிரண்டாம் படுக்கை கால்' என்று ஆகிவிட்டார்கள். செவிலியர்கள் மீது எரிந்து விழுகிறார். ஞாயிறு காலை ஷட்டில் ஆடப் போவதை நிறுத்திவிட்டார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளோடு சேர்ந்து சாப்பிடுவது அரிதாகிவிட்டது. "இரவு பைபாஸில் திரும்பும்போது எதிரே வரும் லாரி மோதிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே என்று தோன்றுகிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அவர் கேட்பவை மூன்று: இது வெறும் பணிச்சோர்வா, மனச்சோர்வு நோயா? மனநல மருத்துவரிடம் போனால் மருத்துவக் கவுன்சில் பதிவுக்கு ஆபத்து வருமா? வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

அன்புள்ள மருத்துவருக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்வதற்கு முன்னால், லாரியைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த வரியைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்தின் நடுவில், ஏதோ வழியில் நினைவுக்கு வந்தது போல அதை எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் வரும் நோயாளி 'லேசாக வயிறு வலிக்கிறது' என்று சொல்லும்போது அவருடைய வயிறு பலகையாக இறுகியிருந்தால் நீங்கள் எப்படிக் கவனிப்பீர்களோ, அப்படித்தான் நான் அந்த வரியைப் படித்தேன். செத்தால் நிம்மதி என்ற எண்ணம், திட்டம் எதுவும் இல்லாமல் வந்தாலும், சிகிச்சைக்கு உரிய அறிகுறிதான். அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி என்னும் தொழில்முறை அமைப்பின் உறுப்பினர்களிடம் 2008இல் நடத்தப்பட்டு, ஏறத்தாழ 7,900 பேர் பதில் அளித்த ஆய்வில், முந்தைய ஓராண்டில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல். அவர்களில் நான்கில் ஒரு பங்கினர்தான் உதவியை நாடியிருந்தார்கள். உங்களைப் போன்றவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதும், அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே வாயைத் திறப்பதில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

எனவே இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். இன்றே உங்கள் மனைவியிடம் அந்த வரியை, மழுப்பாமல், அப்படியே சொல்லிவிடுங்கள். சில நாட்களுக்கு இரவில் நீங்கள் கார் ஓட்ட வேண்டாம். ஓர் ஓட்டுநரை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மருந்துகள் இருந்தால் அவை மனைவியின் பொறுப்பில் இருக்கட்டும். அந்த எண்ணம் வலுத்தாலோ, எப்படி என்று மனம் யோசிக்கத் தொடங்கினாலோ, காத்திருக்காமல் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். உங்கள் பட்டத்தையும் பதவியையும் சொல்ல வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

சோர்வா, நோயா?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பர்ன்அவுட் என்னும் பணிச்சோர்வை அது நோய் என்று சொல்வதில்லை. சமாளிக்கப்படாத நீடித்த பணி நெருக்கடியால் வரும் நிலை என்று வைக்கிறது. சக்தியெல்லாம் வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு தட்டுதல், என்னால் ஒன்றும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. 'ஏழாம் படுக்கை ஹெர்னியா' என்பதை எழுதிவிட்டு, 'நான் கல்நெஞ்சக்காரன் ஆகிவிட்டேன்' என்று உங்களையே திட்டியிருக்கிறீர்கள். தாங்க முடியாத அளவுக்கு ஆட்களையும் அவர்களுடைய வலியையும் பார்த்த மனம், தன்னைக் காத்துக்கொள்ள நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகுகிறது. அதைக் கண்டு நீங்கள் வெட்கப்படுவதே, உள்ளே இருக்கும் மருத்துவர் செத்துவிடவில்லை என்பதற்குச் சாட்சி.

ஆனால் பணிச்சோர்வு என்ற பெயரோடு நின்றுவிட எனக்கு மனமில்லை. பணிச்சோர்வு பெரும்பாலும் வேலையைச் சுற்றியே இருக்கும். நான்கு நாள் விடுப்பில் போனால் சற்றேனும் தணியும். நீங்களோ சென்ற மாதம் கொடைக்கானலில் மூன்று நாள் இருந்தும் அறையை விட்டு வெளியே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஷட்டிலில் ஆசை போய்விட்டது, பசி குறைந்து எடை இறங்கிவிட்டது, அதிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, இறந்துவிடலாம் என்று தோன்றுகிறது. இவை சேர்ந்து வரும்போது மனச்சோர்வு நோயையே முதலில் நினைக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். நோய்க்கு மருந்தும் உளவியல் சிகிச்சையும் உண்டு, நன்றாகவே பலன் தரும். பணிச்சோர்வுக்கு மருந்து கிடையாது. வேலையின் அமைப்பை மாற்றித்தான் ஆக வேண்டும். மாத்திரை மட்டும் சாப்பிட்டுவிட்டு அதே இரவு ஒன்பது மணி அரங்குக்குத் திரும்புவது பாதிச் சிகிச்சைதான். அப்படியே ரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றுக்கு ஒரு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மனைவி உங்கள் குறட்டையைப் பற்றிச் சொல்வதாக எழுதியிருப்பதால், உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அந்த மாத்திரை

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அல்பிரசோலத்தை நீங்களே உங்களுக்கு எழுதிக்கொள்வதை நிறுத்த வேண்டும். ஆனால் மாத்திரையை நாளைக்கே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஏழு மாதமாகத் தினமும் எடுத்தவருக்குச் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்பு வரைகூட வரலாம். வேறொரு மருத்துவரின் கண்காணிப்பில், பல வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைப்பதுதான் முறை. அளவு 0.5இலிருந்து 1 மில்லிகிராமுக்கு ஏறியிருப்பது, மருந்துக்கு உடல் பழகத் தொடங்கியதன் அடையாளம். இதைக் குணக்கேடு என்று எண்ணி மறைக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மருந்தின் செறிவு விழுங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சம் தொடும். பாதியாகக் குறைய ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும். பன்னிரண்டு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று மணிக்கு அழைப்பு வந்து நீங்கள் அரங்குக்குப் போனபோதெல்லாம், மருந்து உங்கள் உடம்பில் முழு வேலை செய்துகொண்டிருந்தது. 'என் கை ஒருபோதும் தடுமாறியதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதிர்பாராத ரத்தக்கசிவு வரும்போது தேவைப்படும் விரைவான முடிவுதான் முதலில் மழுங்குவது. அதை மழுங்கியவரால் உணர முடியாது என்பதுதான் இதிலுள்ள அபாயம். மாத்திரை எடுக்கும் இரவில் அழைப்புப் பணியில் இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

இரவு ஒன்பது மணி அரங்கு

1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான டாசனும் ரீடும், தூங்காமல் விழித்திருப்பவர்களின் செயல்திறனை மது அருந்தியவர்களின் செயல்திறனோடு ஒப்பிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன், ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லிகிராம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கியது. 24 மணி நேரத்தில் அது சுமார் 100 மில்லிகிராமுக்கு ஒப்பானது. நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் விதித்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம். ஐந்தரைக்கு எழும் உங்களுக்கு 17 மணி நேரம் நிறைவது இரவு பத்தரைக்கு. அந்த நேரத்தில் நீங்கள் யாரோ ஒருவருடைய பித்தநாளத்துக்கு அருகில் கிளிப் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவசர அறுவை சிகிச்சையை நேரம் பார்த்துச் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். பித்தப்பைக் கல் அவசரம் அல்லவே. மயக்க மருத்துவரின் வசதிக்காக அது இரவில் நடக்கிறது.

ஆகவே நான் முதலில் வெட்டச் சொல்வது அரசு வேலையை அல்ல, அந்த இரவு அரங்கைத்தான். மாலைப் புறநோயாளிப் பிரிவு எட்டு மணி வரை இருக்கட்டும். திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் விடுமுறை நாள் காலையில், அதுவும் மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் என்று பங்குதாரர்களிடம் பேசுங்கள். வருமானம் குறையும், அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. மாதத் தவணை எவ்வளவு, வீட்டுச் செலவு எவ்வளவு, எவ்வளவு குறைந்தால் தாங்கும் என்பதை மனைவியோடு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி வங்கியில் கேட்கலாம். 'வருமானம் நின்றால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்' என்பது உங்கள் கடிதத்தில் நான்கு இடங்களில் வருகிறது. எந்த இடத்திலும் ஒரு கணக்கு இல்லை. மனச்சோர்வில் இருப்பவருக்குக் கடன் எப்போதும் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

அரசு மருத்துவமனையில், ஒருவரே எல்லா இரவும் அழைப்பில் இருப்பது யாருக்கும் நியாயம் அல்ல. நோயாளிகளுக்கு அதைவிடவும் அல்ல. மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு ரெசிடென்சி திட்டம் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று எழுதி வைத்தது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024இல் வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும், வாரத்தில் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இவை படிக்கும் மருத்துவர்களுக்காகச் சொல்லப்பட்டவை, அங்கேயே சரிவர நடப்பதில்லை. இருந்தாலும், மனித உடலின் எல்லை பட்டம் வாங்கியதும் விரிந்துவிடாது என்பதற்கு அவற்றை நீங்கள் மேற்கோள் காட்டலாம். கண்காணிப்பாளர் வழியாக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்துமூலம் ஒரு கடிதம் கொடுங்கள். காலியிடம் எப்போதிலிருந்து உள்ளது, மாதத்தில் எத்தனை இரவு அழைப்பு, எத்தனை அவசர அறுவை சிகிச்சை என்ற எண்ணிக்கை அதில் இருக்க வேண்டும். பக்கத்துத் தாலுகா மருத்துவமனைகளில் உள்ள நிபுணரை வாரத்தில் இரண்டு இரவுக்கு மாற்றுப்பணியில் கேளுங்கள். அது வரும் வரை வாரத்தில் இரண்டு இரவு அவசர நோயாளிகளை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு ஒப்புதல் கேளுங்கள். வாய்ச்சொல்லாக எத்தனை முறை கேட்டாலும் கோப்பில் ஏறாது. மருத்துவர் சங்கத்தின் மாவட்டக் கிளைக்கும் ஒரு படி போகட்டும்.

இறந்துபோனவரைப் பற்றி

இன்னும் ஒரு தையல் தள்ளிப் போட்டிருந்தால், ஓட்டையை மூட வைத்த கொழுப்புத் திரையை இன்னும் சற்று இறுக்காமல் வைத்திருந்தால் என்று ஏழு மாதமாக அந்த வயிற்றை மனத்துக்குள் திறந்து மூடிக்கொண்டிருக்கிறீர்கள். அல்சர் ஓட்டையில் உயிராபத்தைக் கூட்டுபவை எவை என்று உங்கள் மாணவர்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்: 24 மணி நேரத்துக்கு மேலான தாமதம், அறுவைக்கு முன்பே ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிய அதிர்ச்சி நிலை, வேறு கடும் நோய். அவரிடம் முதல் இரண்டும் இருந்தன. வேறொருவர் இந்த விவரங்களைச் சொல்லி உங்கள் கருத்தைக் கேட்டிருந்தால், 'காப்பாற்றப் பார்த்தீர்கள், அதற்கே நன்றி' என்று சொல்லியிருப்பீர்கள்.

அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இப்படிப்பட்ட நிகழ்வுகளில் முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி என்றால் அடுத்துப் பாதிக்கப்படுபவர் மருத்துவர் என்று குறிப்பிட்டார். நம் மருத்துவமனைகளில் இறப்புத் தணிக்கை நடக்கும், கோப்பு மூடப்படும், அறுவை செய்தவரைத் தனியே அழைத்து 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்கும் வழக்கம் இல்லை. சட்டையைப் பிடித்த கையை மறக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது தாக்குதல்தான். மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. துக்கத்தில் இருந்தவர்கள் என்று நீங்கள் புகார் கொடுக்காமல் விட்டது உங்கள் பெருந்தன்மை. அதனால் நடந்தது சிறியதாகிவிடாது. உறவினர்கள் வழக்குப் போடுவார்களோ என்ற பயத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் அளித்த தீர்ப்பின்படி, மருத்துவர் மீது குற்றவியல் நடவடிக்கைக்கு மிகக் கடுமையான அலட்சியம் காட்டப்பட வேண்டும். வேறொரு தகுதியுள்ள மருத்துவரின் கருத்தும் முன்னதாகப் பெறப்பட வேண்டும். சிகிச்சை பலிக்காமல் போனதே அலட்சியம் ஆகாது. மேற்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பதிவும், விடுப்பும், வி.ஆர்.எஸ்ஸும்

மனநலச் சிகிச்சை எடுத்துக்கொள்வது மருத்துவ ஒழுங்கு விதிகளில் எந்த இடத்திலும் குற்றமாகச் சொல்லப்படவில்லை. பதிவுக்கு ஆபத்து வருவது, தகுதியற்ற நிலையில் நோயாளியைத் தொட்டு அவருக்குத் தீங்கு நேர்ந்தால்தான். சிகிச்சை உங்களை அதிலிருந்து காக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உங்கள் நோய் விவரங்கள் ரகசியமாக இருக்கும் உரிமையைத் தருகிறது. பிறர் உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டுமே அதற்கு உண்டு. ஊரில் தெரிந்துவிடும் என்று தயங்கினால், பக்கத்து மாவட்டத்திலோ, சென்னையிலோ, பெங்களூரு நிம்ஹான்ஸிலோ பாருங்கள். தொடர் ஆலோசனைகளைக் காணொளி வழியாகவும் பெறலாம்.

வி.ஆர்.எஸ். பற்றிய உங்கள் எண்ணத்தில் ஒரு தவறு இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் விருப்ப ஓய்வுக்கு 50 வயதோ, 20 ஆண்டு தகுதியான பணிக்காலமோ வேண்டும்; மூன்று மாத முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும். 43 வயதும் 16 ஆண்டுப் பணியும் உள்ள நீங்கள் இப்போது கொடுத்தால் அது ராஜினாமாதான், விருப்ப ஓய்வு ஆகாது. இரண்டுக்கும் கிடைக்கும் பலன்களில் பெரிய வேறுபாடு உண்டு. உங்கள் அலுவலக நிர்வாகப் பிரிவில் கணக்கைக் கேட்காமல் எதிலும் கையெழுத்து போடாதீர்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று: மனச்சோர்வில் இருக்கும்போது திரும்பப் பெற முடியாத முடிவுகளை எடுக்கக் கூடாது. வேலையை விட்டால் அரசு மருத்துவமனையின் பகல் நேரமும் தனியார் மருத்துவமனைக்கே போகும். இரவு அரங்கு அப்படியே இருக்கும். உங்களுக்கு இப்போது வேண்டியது விடுப்பு. மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு எடுக்க விதிகளில் இடம் இருக்கிறது, ஈட்டிய விடுப்பும் சேர்ந்திருக்கும். முதலில் ஆறு வாரம் கேளுங்கள். 'நான் போனால் மருத்துவமனை என்னாவது' என்று கேட்கிறீர்கள். நீங்கள் படுக்கையில் விழுந்தாலும் அந்தக் கேள்வி எழும். அதற்கு விடை சொல்ல வேண்டியது நிர்வாகம். சிகிச்சை தொடங்கி மூன்று, நான்கு மாதங்கள் கழித்து, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் உட்கார்ந்து, அரசுப் பணியா, தனியாரா, மருத்துவக் கல்லூரிக்கு மாறுவதா என்று யோசியுங்கள். அப்போதும் விட வேண்டும் என்றே தோன்றினால் விடலாம், அதில் தோல்வி எதுவும் இல்லை.

வீட்டில்

மகளுடைய பொதுத்தேர்வு முடியட்டும், அதற்குப் பிறகு மனைவியிடம் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஏதோ சரியில்லை என்பது அவர்கள் இருவருக்கும் முன்பே தெரிந்திருக்கும். என்னவென்று தெரியாததுதான் அவர்களுக்கு அதிக வேதனை. மகளிடம் லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். 'அப்பாவுக்கு உடம்பும் மனமும் களைத்திருக்கிறது, டாக்டரைப் பார்க்கப் போகிறேன், உன் மேல் எரிந்து விழுந்தது உன் தவறால் அல்ல' என்று சொன்னால் போதும், பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது புரியும். மனைவியை முதல் ஆலோசனைக்கு உடன் அழைத்துப் போங்கள். உறக்கம், கோபம், மாத்திரையின் அளவு ஆகியவற்றைப் பற்றி அவர் சொல்வது, நீங்களே சொல்வதைவிடச் சரியாக இருக்கும். நாங்கள் மருத்துவர்கள் எங்கள் அறிகுறிகளைக் குறைத்துச் சொல்லியே பழகியவர்கள்.

மருத்துவரைப் பார்க்கும்போது இந்தக் கடிதத்தின் நகலையே கொடுத்துவிடுங்கள். நேரில் சொல்லும்போது நா தழுதழுத்து, அந்த லாரி வரியை மட்டும் விட்டுவிட வாய்ப்பு இருக்கிறது.